பழைய மின்சார பிக்கப் டிரக்கைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது: அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வண்டியை நன்கொடையாகக் கொடுக்க ஒரு போன் போட்டால் போதும், வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பழைய பெட்ரோல் காருக்கு அது பெரும்பாலும் சரி. ரிவியன் ஆர்1டி, ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், சைபர்டிரக், சில்வராடோ ஈ.வி. போன்ற மின்சார பிக்கப்களில் அப்படி அவசரமாகக் கொடுத்தவர்களுக்குக் கடைசியில் கையில் வந்த வரிக்கழிவும் சரி, தொண்டு நிறுவனத்துக்குக் கிடைத்த பணமும் சரி, எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் பெரும்பாலும் வரிசை தப்பியதுதான். முதலில் போன், பிறகு டைட்டில் எனும் உரிமைப் பத்திரத்தைத் தேடல், வண்டி போன பிறகு அதற்குள் இருக்கும் சொந்தத் தகவல்களின் நினைப்பு, ஏப்ரலில் வரி விதி என்று தலைகீழாகப் போகிறார்கள். கீழே இருப்பது நான் பலருக்கு உட்கார்ந்து செய்துகொடுத்த வரிசை. ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டைட்டில், பதிவுச் சான்று, எல்லாச் சாவிகளும் (ஃபாப் எனும் ரிமோட் சாவி, சாவி அட்டை இரண்டும்), வண்டியோடு வந்த சார்ஜிங் கேபிள், அடாப்டர்கள், கையேடு, சர்வீஸ் ரசீதுகள், உங்கள் ஆப்பின் கடவுச்சொல், போன வருட வரித் தாக்கல் நகல். இவற்றை ஒரே கவரில் போட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள். கடைசியில் சொன்ன வரித் தாக்கல் நகல்தான் முதல் படிக்கே வேண்டும்.

1. கொடுப்பதா, விற்றுப் பணமாகக் கொடுப்பதா: முதலில் இந்தக் கணக்கு

இதை யாரும் முதலில் செய்வதில்லை. ஆனால் மற்ற எல்லாப் படிகளும் இதன் விடையைப் பொறுத்தே மாறும்.

ஐ.ஆர்.எஸ். எனும் அமெரிக்க வரித் துறையின் விதி இதுதான். நீங்கள் கொடுத்த வண்டியைத் தொண்டு நிறுவனம் தான் பயன்படுத்தாமல், பெரிதாகப் பழுதும் பார்க்காமல் விற்றுவிட்டால், உங்கள் வரிக்கழிவு வண்டியின் சந்தை மதிப்பு அல்ல, அது விற்ற தொகை மட்டுமே. வண்டிகளின் சந்தை விலையைச் சொல்லும் கெல்லி புளூ புக் 32,000 டாலர் என்று காட்டலாம். ஏலத்தில் 22,000-க்குப் போனால் உங்கள் கணக்கு 22,000. விற்ற தொகை 500 டாலர் அல்லது அதற்குக் கீழ் என்றால் மட்டும் சந்தை மதிப்பு, 500 டாலர் இரண்டில் எது குறைவோ அதை எடுக்கலாம்.

அடுத்து, ஐட்டமைஸ் செய்தால்தான், அதாவது கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டால்தான், இந்தக் கழிவே உண்டு. 2026 வரி ஆண்டில், பட்டியல் போடாதவர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு, அதாவது தம்பதிக்கான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 32,200 டாலர். தனிநபருக்கு 16,100. அந்த ஆண்டிலிருந்து ஐட்டமைஸ் செய்கிறவர்களுக்கு நன்கொடையில் முதல் பகுதி, அதாவது ஏ.ஜி.ஐ. எனும் சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 0.5 சதவீதம், கழிவில் சேராது. ஐட்டமைஸ் செய்யாதவர்களுக்கும் ஒரு சிறு நன்கொடைக் கழிவு 2026 முதல் வந்திருக்கிறது (தனிநபர் 1,000, தம்பதி 2,000). ஆனால் அது பணமாகக் கொடுத்தால் மட்டும். வண்டிக்குக் கிடையாது. பலர் இங்கே குழம்புகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தம்பதி, ஏ.ஜி.ஐ. 3,00,000 டாலர், 24 சதவீத வரி அடுக்கு. வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி எல்லாம் சேர்த்து வேறு கழிவுகள் 20,000. டிரக் ஏலத்தில் 22,000-க்குப் போகிறது. 20,000 கூட்டல் 22,000, அதில் ஏ.ஜி.ஐ.-யின் 0.5 சதவீதமான 1,500-ஐக் கழித்தால் 40,500. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எப்படியும் கிடைத்திருக்கும் என்பதால் அந்த 32,200 போக மீதம் 8,300. அதில் 24 சதவீதம் 1,992 டாலர். அவ்வளவுதான் உங்களுக்கு மிச்சம்.

அதே டிரக்கை நீங்களே 30,000-க்கு விற்று அந்தப் பணத்தை முழுவதும் கொடுத்தால்? மிச்சம் 3,912 டாலர் ஆகிறது. தொண்டு நிறுவனத்துக்கும் முழு 30,000 போய்ச் சேருகிறது. ஏலச் செலவு, ஏற்றிச் செல்லும் செலவு, இடையில் வேலை பார்க்கும் கம்பெனியின் பங்கு எதுவும் கழிவதில்லை.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நல்ல நிலையில் ஓடுகிற, இன்னும் நல்ல விலை போகக்கூடிய மின்சார பிக்கப்பை ஏலத்துக்கு அனுப்பும் நிறுவனத்திடம் கொடுப்பது உங்களுக்கும் லாபமில்லை, அவர்களுக்கும் லாபமில்லை. விற்றுப் பணமாகக் கொடுங்கள். வண்டியாகவே கொடுப்பது இரண்டு இடங்களில் பொருந்தும். ஒன்று, வண்டியை அவர்களே ஓட்டப் போகிறார்கள். மற்றொன்று, விபத்து, பேட்டரிக் கோளாறு, வாரண்டி முடிந்தது போன்ற காரணத்தால் உங்களால் விற்க முடியவில்லை, அல்லது நேரமே இல்லை.

2. வண்டி உண்மையில் உங்களுடையதுதானா என்று பாருங்கள்

லீஸ் வண்டியைக் கொடுக்க முடியாது. அது லீஸ் கம்பெனியின் சொத்து. முதலில் வாங்கி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் மற்றது.

லோன் இருந்தால் முழுதும் அடைத்து, கடன் கொடுத்தவரின் பாத்தியதை நீங்கிய டைட்டில் வரும்வரை காத்திருங்கள். பல மாநிலங்களில் லோன் உள்ள வண்டியின் டைட்டில் காகிதமாக இருக்காது, டி.எம்.வி. எனும் மாநில வாகனப் பதிவுத் துறையின் கணினியில்தான் இருக்கும். கடன் அடைந்த பிறகு காகிதம் தபாலில் வர வாரக்கணக்கில் ஆகலாம். ஊர் திரும்புகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். விமான டிக்கெட் கையில் இருக்கும், டைட்டில் இருக்காது. கிளம்பும் தேதி தெரிந்தவுடன் இந்தப் படியைத் தொடங்கிவிடுங்கள்.

டைட்டிலில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் நடுவில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கலிபோர்னியாவில் 'அண்ட்' என்றோ சாய்வுக்கோடு என்றோ இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 'ஆர்' என்றால் ஒருவர் போதும். ஒருவர் ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டால் இது பெரிய தலைவலி.

அப்புறம், சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு. 6,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடை மதிப்பீடு உள்ள வண்டி என்பதால் எல்.எல்.சி. எனும் தங்கள் கம்பெனியின் பெயரில் மின்சார பிக்கப் வாங்கி, செக்‌ஷன் 179 வழியாகவோ போனஸ் தேய்மானமாகவோ (இரண்டும் வண்டி விலையை முன்கூட்டியே செலவாகக் காட்ட விடும் வரி விதிகள்) முதல் வருடமே பெரும் தொகையைச் செலவாக எழுதியவர்கள் நிறையப் பேர். அந்த வண்டியை விற்றிருந்தால் எழுதிய தேய்மானத்தின் அளவுக்கு வரும் லாபம் சாதாரண வருமானமாகக் கணக்காகியிருக்கும். நன்கொடையாகக் கொடுக்கும்போது கழிவிலிருந்து அந்தத் தொகையைக் குறைக்க வேண்டும். முழு விலையையும் ஏற்கெனவே எழுதியிருந்தால் கழிவு பூஜ்யமாகவே ஆகலாம். இதைத் தெரியாமல் கொடுத்தால் பின்னால் திருத்த வழியில்லை. தொழில் வண்டி என்றால் இந்தப் படியிலேயே உங்கள் வரிக் கணக்காளரை (சி.பி.ஏ.) கூப்பிடுங்கள். இன்னொன்று, டைட்டில் எல்.எல்.சி. பெயரில் இருந்தால் கொடுப்பவர் எல்.எல்.சி.தான். எல்லாப் படிவமும் அந்தப் பெயரில் வர வேண்டும்.

3. யாரிடம் கொடுப்பது

வாகன நன்கொடை வாங்கும் இடங்கள் மூன்று விதம்.

முதல் விதம், ஏலத்துக்கு அனுப்புகிறவர்கள். ஹேபிட்டாட் ஃபார் ஹியூமானிட்டியின் 'கார்ஸ் ஃபார் ஹோம்ஸ்', பொது வானொலி நிலையங்களின் வாகன நன்கொடைத் திட்டங்கள் எல்லாம் இந்த வகை. வண்டி விற்கப்பட்டு, பணம் சேவைக்குப் போகும். நேர்மையான வழிதான், ஆனால் உங்கள் கழிவு விற்ற தொகையோடு நின்றுவிடும்.

இரண்டாவது, ஏழைக் குடும்பங்களுக்கு வண்டியை இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுப்பவர்கள். மேரிலாந்து பக்கம் வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச், வெர்மான்ட்டில் குட் நியூஸ் கராஜ் போன்றவை. இவர்கள் உங்கள் வண்டியைத் தம் நோக்கப்படி அப்படியொரு குடும்பத்துக்குக் கொடுத்தால் சந்தை மதிப்பையே கழிவாக எடுக்கலாம். ஆனால் வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாத, வாடகை அடுக்ககத்தில் இருக்கும் குடும்பத்துக்கு 7,000 பவுண்டு டிரக் உதவியா சுமையா? டயர் விலையும் இன்சூரன்ஸும் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான். இவர்கள் மின்சார பிக்கப் வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள்.

மூன்றாவது, வண்டியைத் தாங்களே ஓட்டப் போகிறவர்கள். உணவு வங்கி, வீடு கட்டித் தரும் உள்ளூர்க் கிளை, சமுதாயத் தோட்டம், கோயில், தமிழ்ப் பள்ளி. மின்சார பிக்கப்புக்கு இதுதான் சிறந்த இடம். அன்றாடம் ஒரே ஊருக்குள் ஓடும் வேலைக்குச் சார்ஜ் தூரம் பிரச்சினையில்லை. லைட்னிங்கின் உயர் வகைகளில் 9.6 கிலோவாட் வரை மின்சாரம் வெளியே எடுக்கலாம். மின்கம்பம் வராத கட்டுமான இடத்தில் ரம்பம், துளைக்கருவி எல்லாம் அதில் ஓடும். பொங்கல் விழாவுக்கு ஜெனரேட்டர் வாடகை மிச்சம்.

இங்கே ஐ.ஆர்.எஸ். கேட்பது 'குறிப்பிடத்தக்க பயன்பாடு'. அவர்களே காட்டும் உதாரணம், ஒரு வருடம் தினமும் ஓட்டி உணவு கொண்டுபோய்க் கொடுப்பது. வாரம் ஒருமுறை கடைக்குப் போய் வந்துவிட்டு இரண்டாம் மாதம் விற்றால் அது பயன்பாடு ஆகாது.

எந்த விதமானாலும், நிறுவனம் 501(சி)(3) எனும் வரிவிலக்குத் தொண்டு நிறுவனத் தகுதி உள்ளதா என்று ஐ.ஆர்.எஸ். தளத்தின் வரிவிலக்கு நிறுவனத் தேடலில் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் பெயர் வேறு, சட்டப் பெயர் வேறாக இருக்கலாம். சட்டப் பெயரைக் கேட்டு அதைத் தேடுங்கள். கோயில்களும் சர்ச்சுகளும் விண்ணப்பிக்காமலே தகுதி பெறலாம் என்பதால் சில அந்தத் தேடலில் வராது. அப்போது அவர்களிடம் ஐ.ஆர்.எஸ். கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே சட்டப்படி பதிவான நிறுவனம் இல்லாமல், இந்தியாவில் மட்டும் இருக்கும் அறக்கட்டளைக்கு நேரடியாகக் கொடுத்தால் இந்தக் கழிவு கிடையாது.

4. ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

போனில் கேட்டுவிட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வரிப் படிவம் எந்த வகையில் வரும் என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வண்டியை வைத்துக்கொள்வீர்களா, விற்பீர்களா? விற்றால் எங்கே, மொத்தத் தொகையில் உங்களுக்கு எவ்வளவு வரும்? நடுவில் இருக்கும் கம்பெனி எது, அது உங்கள் முகவராக எழுத்தில் ஒப்பந்தம் செய்திருக்கிறதா? மின்சார வண்டி இதற்கு முன் எடுத்திருக்கிறீர்களா? நிறுத்தும் இடத்தில் 240 வோல்ட் இணைப்பு உண்டா? ஓட்டுவார்கள் என்றால், இவ்வளவு எடையுள்ள வண்டிக்கு இன்சூரன்ஸ் விசாரித்தீர்களா?

கடைசி இரண்டும் முக்கியம். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 131 கிலோவாட்-மணி பேட்டரியை நிரப்ப நாட்கணக்கில் ஆகும். சார்ஜர் போடப் பணமில்லாத சிறு நிறுவனத்துக்கு வண்டியோடு சார்ஜர் செலவையும் கொடுத்தால்தான் அது உதவி. அந்தப் பணம் தனி நன்கொடையாகக் கணக்கில் வரும்.

5. பேட்டரியையும் வண்டியையும் தயார் செய்வது

ஏலத்தில் ஒரு மின்சார வண்டியின் விலையைக் குறைப்பது கீறலோ பள்ளமோ அல்ல, சந்தேகம். பேட்டரி எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் கேட்பவர் மோசமானதையே நினைத்து விலை சொல்வார். அந்தச் சந்தேகத்தைப் போக்குவதுதான் இந்தப் படியின் வேலை.

ஒருமுறை 100 சதவீதம் சார்ஜ் செய்து, மீட்டரில் ஓடிய மைலும் காட்டும் தூரமும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுங்கள். முடிந்தால் டீலரிடம் பேட்டரி நிலை அறிக்கை வாங்குங்கள். பேட்டரி வாரண்டி பொதுவாக வண்டியோடு போகும், ஆளோடு அல்ல. லைட்னிங்குக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல், முதல் தலைமுறை ரிவியன் ஆர்1டி-க்கு 8 வருடம் அல்லது 1,75,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

என்.எச்.டி.எஸ்.ஏ. எனும் அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் வண்டி எண்ணை (வி.ஐ.என்.) போட்டு, ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்வது இலவசம். சைபர்டிரக்கில் வெளிப்புறத் தகடு கழன்றுவிடும் பிரச்சினைக்கு 2025 மார்ச்சில் வந்த ரீகால் 46,000-க்கும் அதிகமான வண்டிகளைத் தொட்டது. இதை முதல் வாரமே பாருங்கள், சர்வீஸ் தேதி கிடைக்கத் தாமதமாகும்.

பெரிய பேட்டரியைப் பார்த்துக்கொண்டு சிறிய 12 வோல்ட் பேட்டரியை (சைபர்டிரக்கில் அது 48 வோல்ட்) மறந்துவிடுகிறார்கள். அது இறந்தால் வண்டியே விழிக்காது. முன்பக்கப் பெட்டி மின்சாரத்தில் திறப்பதால் அதுவும் திறக்காது. ஏல மைதானத்தில் 'ஓடாத வண்டி' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், விலை பாதாளத்துக்குப் போகும். பழைய 12 வோல்ட் பேட்டரி என்றால் மாற்றிவிடுங்கள். இறந்தால் வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்ற கையேட்டுப் பக்கத்தை அச்செடுத்து சாவியோடு கட்டிவையுங்கள்.

வண்டியோடு வந்த கேபிளையும் அடாப்டரையும் வண்டியிலேயே விடுங்கள். சுவரில் பொருத்திய சார்ஜர் வீட்டோடு இருக்கட்டும்.

6. மதிப்பு போடுவதும் அப்ரைசலும்

ஏலத்துக்குப் போகும் வண்டிக்கு இந்தப் படி சுலபம். கெல்லி புளூ புக்கில் தனிநபர் விற்பனை விலையைப் பார்த்துப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள், போதும். கடை விலையையும் டிரேட்-இன் விலையையும் எடுக்காதீர்கள். விற்ற தொகையே உங்கள் கழிவு என்பதால் 5,000-க்கு மேல் போனாலும் அப்ரைசல், அதாவது மதிப்பீட்டாளரின் அறிக்கை, தேவையில்லை.

அவர்களே ஓட்டப் போகிறார்கள், அல்லது ஏழைக் குடும்பத்துக்குப் போகிறது என்றால் சந்தை மதிப்பு எடுக்கலாம். அது 5,000 டாலருக்கு மேல் என்றால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் எழுத்து அறிக்கை கட்டாயம். மின்சார பிக்கப் ஏறக்குறைய எல்லாமே அந்த வரம்புக்கு மேல்தான்.

இங்கே தேதிதான் பொறி. வண்டியைக் கொடுக்கும் நாளுக்கு 60 நாளுக்கு முன்னால் போட்ட அப்ரைசல் செல்லாது. கொடுத்த பிறகும் போடலாம், ஆனால் வரித் தாக்கலின் கடைசித் தேதிக்குள் (நீட்டிப்பும் சேர்த்து) அறிக்கை கையில் இருக்க வேண்டும். வண்டி கண்முன் இருக்கும்போதே, கொடுக்கும் முந்தைய வாரங்களில் செய்துவிடுவது நல்லது. மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்று கேட்பவரிடம் போகாதீர்கள், அந்த அறிக்கையை ஐ.ஆர்.எஸ். ஏற்காது.

7. வண்டிக்குள் இருக்கும் உங்கள் தகவல்களை அழிப்பது

இதை ஒரே நாளில் செய்யக்கூடாது. இரண்டாகப் பிரியுங்கள்.

முந்தைய நாள் மாலை: பணம் தொடர்பான எல்லாவற்றையும் நீக்குங்கள். பிளக்கை மாட்டினாலே உங்கள் கார்டில் பணம் எடுக்கும் வசதி போட்டிருந்தால் முதலில் அதை. அதை விட்டுவிட்டால் அடுத்து ஓட்டுபவர் போடும் சார்ஜுக்கு நீங்கள் பில் கட்டுவீர்கள். கராஜ் கதவைத் திறக்கும் பட்டன் நினைவை அழியுங்கள். வீட்டு முகவரியும் அந்த வீட்டுக் கதவின் சாவியும் ஒரே வண்டியில் போவது நல்லதல்ல. கேமராப் பதிவு இருக்கும் யு.எஸ்.பி.-யை எடுத்துக்கொள்ளுங்கள். போனைச் சாவியாகப் பயன்படுத்துகிறவர்கள், ஃபாபோ அட்டையோ மட்டும் வைத்து வண்டி திறந்து ஓடுகிறதா என்று சோதித்துவிட்டு, கடைசியாகத் தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்யுங்கள்.

வண்டி போன பிறகு: ஆப்பில் உரிமையாளர் நீக்கம் அல்லது மாற்றம். ஏன் பிறகு? ஏற்ற வந்தவர் தெருவில் நின்றுகொண்டு திறக்கவில்லை என்றால், சில வண்டிகளில் ஆப்பிலிருந்து திறக்க முடிவது பெரிய உதவி. அதற்காக மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. உங்கள் பெயரில் இருக்கும்வரை புது ஆள் பல வசதிகளைத் தொட முடியாது, அவர் எங்கே போகிறார் என்பது உங்கள் போனில் தெரியும். வண்டியும் டைட்டிலும் வந்துவிட்டன என்று நிறுவனம் எழுதியதும் விடுவித்துவிடுங்கள். ரீசெட் செய்தாலே உரிமை நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல வண்டிகளில் அது வேறு, இது வேறு.

8. வண்டி போகும் நாள்

வண்டி எடுக்கத் தேதி கொடுக்கும்போதே 'மின்சார வண்டி, இத்தனை பவுண்டு எடை, ஃபிளாட்பெட் வேண்டும்' (வண்டியை முழுதும் மேலே ஏற்றும் லாரி) என்று சொல்லி எழுத்தில் வாங்குங்கள். ஆர்1டி சுமார் 7,000 பவுண்டு, ஹம்மர் ஈ.வி. 9,000 பவுண்டைத் தொடும். சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டார் கெட்டுப்போகும். சாதாரண லாரி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், தயங்க வேண்டாம். இழுத்துச் செல்வதற்கான அமைப்பைத் திரையில் எங்கே போடுவது என்று ஓட்டுநருக்குக் காட்டுங்கள்.

சார்ஜ் 50 முதல் 60 சதவீதம் இருக்கட்டும். மைதானத்தில் வாரக்கணக்கில் நிற்கும், யாரும் சார்ஜ் போட மாட்டார்கள். ரிவியனின் கியர் கார்டு, டெஸ்லாவின் சென்ட்ரி போன்ற காவல் வசதிகளை அணைத்துவிடுங்கள், நிற்கும்போதே பேட்டரியைக் குடிப்பவை அவைதான்.

டைட்டிலில் கையெழுத்துப் போடும்போது நிதானம். வாங்குபவர் இடத்தை வெற்றாக விடாமல் நிறுவனத்தின் சட்டப் பெயரை எழுதுங்கள். ஓடிய மைலையும் எழுத வேண்டும், 2011 முதல் வந்த மாடல்களுக்கு 20 வருடம்வரை இது கட்டாயம். தப்பாக எழுதினால் அடிக்கவோ வெள்ளை மையால் அழிக்கவோ கூடாது, புது டைட்டில் கேட்டு அலைய வேண்டிவரும். பென்சில்வேனியா, ஒஹாயோ, வட கரோலினா போன்ற மாநிலங்களில் நோட்டரி முன் கையெழுத்து வேண்டும், வாசலில் லாரி நிற்கும்போது அது முடியாது. இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஓட்டுநரிடம் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். உங்கள் நன்கொடை எந்த வரி ஆண்டு என்பதற்கு அதுதான் சான்று. டிசம்பரில் கொடுத்து ஜனவரியில் ஏலம் போனாலும் கழிவு கொடுத்த வருடத்துக்குத்தான்.

9. பெயர் நீக்கம், பிளேட், இன்சூரன்ஸ்: இதே வரிசையில்

முதலில் டி.எம்.வி.-க்குத் தெரிவியுங்கள். கலிபோர்னியாவில் 5 நாளுக்குள், டெக்சஸில் 30 நாளுக்குள், இரண்டும் இணையத்திலேயே முடியும். நிறுவனம் செய்துகொள்ளும் என்று விட்டவர்களுக்குத்தான் மாதங்கள் கழித்துப் பார்க்கிங் அபராதம் வருகிறது.

பிளேட் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் சாதாரண பிளேட் வண்டியோடு போகும். நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் கழற்றி ஒப்படைக்க வேண்டும். நியூயார்க்கில் பிளேட்டை ஒப்படைத்த பிறகுதான் இன்சூரன்ஸை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் இன்சூரன்ஸ் இல்லாமல் பதிவு வைத்திருந்ததாகக் கணக்காகி உரிமத்துக்கே சிக்கல் வரும். மற்ற மாநிலங்களிலும் பெயர் நீக்கம் உறுதியாகும்வரை இன்சூரன்ஸைத் தொடாதீர்கள்.

அப்புறம் சுங்கக் கணக்கு. ஈ-சி பாஸ், ஃபாஸ்ட்ராக் கருவியை எடுத்துவிட்டால் போதாது, கணக்கிலிருந்து பிளேட் எண்ணையும் நீக்குங்கள். நீட்டித்த வாரண்டி தனியாக வாங்கியிருந்தால் ரத்து செய்து மீதிக் காலத்துக்குப் பணம் கேளுங்கள், பல ஒப்பந்தங்களில் அது கிடைக்கும்.

10. 1098-சி, 8283: வரித் தாக்கல்

வண்டியின் மதிப்பு 500 டாலருக்கு மேல் என்றால் நிறுவனம் ஃபார்ம் 1098-சி எனும் வாகன நன்கொடைச் சான்றை அனுப்ப வேண்டும். விற்றால் விற்ற 30 நாளுக்குள், வைத்துக்கொண்டாலோ ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தாலோ நீங்கள் கொடுத்த 30 நாளுக்குள். ஊர் மாறுகிறவர்கள் நம்பகமான நண்பர் வீட்டு முகவரியை முன்பே கொடுத்துவிடுங்கள்.

வந்ததும் கட்டங்களைப் பாருங்கள். 4ஏ-வில் டிக் இருந்தால் விற்றுவிட்டார்கள், தொகை 4சி-யில். 5ஏ என்றால் பயன்பாட்டுக்கோ பழுதுபார்க்கவோ வைத்திருக்கிறார்கள். 5பி என்றால் ஏழைக் குடும்பத்துக்கு. நான்காம் படியில் வாங்கிய மின்னஞ்சலோடு ஒப்பிடுங்கள். ஓட்டுவோம் என்றவர்கள் 4ஏ-வில் டிக் போட்டு அனுப்பினால் உங்கள் கழிவு விற்ற தொகையாகச் சுருங்கிவிடும். உடனே கேளுங்கள். பெயர், வரி எண், வண்டி எண் மூன்றையும் சரிபாருங்கள்.

கழிவு 500-க்கு மேல் என்பதால், பணமாக அல்லாத நன்கொடைக்கான ஃபார்ம் 8283-ம் வேண்டும். விற்ற தொகைதான் கழிவு என்றால் செக்‌ஷன் ஏ. 5,000-க்கு மேல் சந்தை மதிப்பு எடுத்தால் செக்‌ஷன் பி. அதில் மதிப்பீட்டாளரும் தொண்டு நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் போய்க் கேட்டால் கையெழுத்துப் போடுபவர் விடுமுறையில் இருப்பார். ஜனவரியிலேயே வாங்கிவிடுங்கள். செக்‌ஷன் பி-யில் போன வண்டியை மூன்று வருடத்துக்குள் நிறுவனம் விற்றால் ஃபார்ம் 8282 மூலம் ஐ.ஆர்.எஸ்.-க்குத் தெரிவிக்கும். அதையும் அவர்களிடம் நினைவூட்டி வையுங்கள்.

1098-சி-யின் காப்பி பி வரித் தாக்கலோடு போக வேண்டும். மின்தாக்கல் செய்தால் பி.டி.எஃப். ஆக இணைக்கலாம், இல்லையென்றால் ஃபார்ம் 8453-ஓடு தபாலில். கடைசித் தேதிக்குள் 1098-சி வரவில்லையா? அதில்லாமல் கழிவு எடுக்காதீர்கள். ஃபார்ம் 4868 போட்டு அவகாசம் வாங்குங்கள், அல்லது கழிவில்லாமல் தாக்கல் செய்துவிட்டுப் படிவம் வந்ததும் 1040-எக்ஸ் மூலம் திருத்துங்கள். அவகாசம் தாக்கலுக்கு மட்டும்தான், கட்ட வேண்டிய வரி ஏப்ரலிலேயே போயிருக்க வேண்டும்.